ஊர்ப் பெயரும் ஒரு முதலீடுதான்



"நயம் சரக்கு" என்று சொல்வதைவிட, "மணப்பாறை முறுக்கு", "கம்பம் பன்னீர் திராட்சை" என்று ஊரைச் சொன்னால் சரக்கு சீக்கிரம் விற்றுப்போகிறது. அந்த ஊர்ப் பெயரைக் கட்டிக் காப்பது எப்படி என்பதற்கு, இத்தாலியின் 'கியாந்தி' என்னும் சிவப்புத் திராட்சை மது நல்ல உதாரணம். நம் மாநிலத்தில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம் உள்ளது. ஆகவே நாம் இங்கே பார்க்கப்போவது சரக்கை அல்ல, அதன் வியாபார நுணுக்கத்தை.

கியாந்தி என்பது டஸ்கனி மாநிலத்தின் ஒரு மலைப்பகுதி. டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ 1716இல் அதற்கு எல்லை வகுத்து ஆணையிட்டார். மோசடியைத் தடுக்கக் குழுவும் அமைத்தார்.

அங்குள்ள புரோலியோ பண்ணை 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தின் சொத்து. அக்குடும்பத்தின் பெத்தினோ ரிக்காசோலி இத்தாலியின் பிரதமராகவும் இருந்தவர். பல ஆண்டு சோதனைக்குப் பின், 1872இல் எழுதிய கடிதத்தில் அவர் கலவை முறையைக் கூறினார். மணத்துக்கும் வீரியத்துக்கும் சாஞ்சியோவேசே திராட்சை. அதன் கடுமையைத் தணிக்கக் கனாயோலோ. நாள்பட வைக்காமல் அன்றாடம் அருந்தும் மதுவுக்கு மட்டும் சிறிது மால்வாசியா. உணவோடு எளிதாக அருந்தத்தக்க மது என்று கியாந்தி பெயர் பெற்றது.

1924இல் உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்துக் கருஞ்சேவலைச் சின்னமாக்கினர். ஆனால் 1970களில் புரோலியோவின் வணிகப் பெயர் அன்னிய நிறுவனத்துக்குக் கைமாறியது; தரமும் தாழ்ந்தது. 1993இல் பிரான்செஸ்கோ ரிக்காசோலி அதை மீட்டு, தரத்தை மீண்டும் உயர்த்தினார்.

நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் உள்ளது. விராலிமலைக்கு அருகிலுள்ள மணப்பாறையின் முறுக்கும், கம்பம் பன்னீர் திராட்சையும் 2023இல் இக்குறியீட்டைப் பெற்றன. வேறு ஊர் முறுக்கைப் பாக்கெட்டில் அடைத்து 'மணப்பாறை' என்று அச்சிடுவது குற்றம். அதை விற்பதும் குற்றமே. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்கிறது சட்டம். தக்க எச்சரிக்கையோடு, போலி என்ற சந்தேகத்துக்கு இடமின்றி வாங்கியதை நிரூபித்து, கொடுத்தவர் யார் என்பதையும் தெரிவிக்கும் வியாபாரிக்குப் பாதுகாப்பு உண்டு.

ஆகவே, ஊர்ப் பெயர் போட்ட சரக்கை பில் இல்லாமல் வாங்காதீர்கள். அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள். வேறு ஊர் முறுக்கானால் 'கைமுறுக்கு' என்றே எழுதி விற்கலாம். சுவை நன்றாக இருந்தால் அதற்கும் வாடிக்கையாளர் வருவார்.