பந்தயக் காரோட்டம்: அன்றும் இன்றும்



அண்மையில் காரைக்கால் கடற்கரையில் உலவிக்கொண்டிருந்தேன். முன்னாள் மாணவர் ஒருவர் எதிர்ப்பட்டு, "ஐயா, இந்நாளில் பந்தயக் காரை யந்திரமே ஓட்டிவிடுகிறதாமே! ஓட்டுபவருக்கு இனி என்ன வேலை?" என்று வினவினார். அதற்கு விடை காண்போம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தி வந்தது. அக்காலத்துக் காரில் கியர் மாற்ற, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தாக வேண்டும். இடக்கால் கிளச்சை மிதிக்கும். வலக்காலோ ஒரே சமயத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரையும் தட்டும். கணம் தவறினால் பின்சக்கரங்கள் வழுக்கும். அன்றி, என்ஜின் பழுதாகும். கையும் காலும் செவியும் ஒன்றுபட்டு உழைத்த காலம் அது. அவ்வாறு உழைத்தே, அர்ஜென்டினா நாட்டுப் பாஞ்சியோ 1957-இல், தமது 46-ஆம் வயதில், ஐந்தாம் முறையாக உலக வாகை சூடினார்.

1989-இல் பெராரி நிறுவனத்தார், ஸ்டியரிங்கின் பின்னுள்ள சிறு தகட்டை விரலால் இழுத்தே கியர் மாற்றும் முறையைப் பந்தயத்தில் புகுத்தினர். அப்படியாயின், வேலை எளிதாகிவிட்டதா? இல்லை.

இன்றைய காரின் இறக்கைகள், காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்துகின்றன. ஆதலின் வளைவிலும் பெருவேகத்துடன் திரும்ப முடிகிறது. அப்பொழுது ஓட்டுநரின் உடலைப் புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு விசை பக்கவாட்டில் இழுக்கும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறு கிலோ என்று கொள்வோம். அங்கே கழுத்து தாங்குவது முப்பது கிலோ! அந்நிலையிலும் கண் பாதையைவிட்டு அகலாமல், விரல்கள் பல பொத்தான்களை இயக்க வேண்டும்.

சக்கரம் வழுக்காமல் தானே காக்கும் மின்னணுக் கருவி, பார்முலா ஒன் பந்தயங்களில் 1994-இல் விலக்கப்பட்டது. 2001-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2008-இல் மறுபடியும் விலக்கப்பட்டது. மனிதத் திறனை யந்திரம் விழுங்கிவிடலாகாது என்பதே கருத்து. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் இந்தியரில் முதல்வராக அப்பந்தயத்தில் இறங்கியபோது, தேவைப்பட்டவை திறனும் உடலுரமுமே.

நம் காவிரிப் பாசனத்து வயலை நோக்குங்கள். ஏர் பிடித்தவரின் தோள்வலியை டிராக்டர் போக்கிற்று. ஆனால் யந்திர அறிவு என்னும் புதுப் பொறுப்பைத் தந்தது. பந்தயத்திலும் அவ்வாறே: அருமை குறையவில்லை, இடம் மாறியது. குறைந்தது உயிராபத்தே. இருக்கைப் பட்டை 1972-இலும், தலையைக் காக்கும் 'ஹாலோ' வளையம் 2018-இலும் கட்டாயமாயின. அந்த அபாயம் குறைந்ததற்கு எவரும் வருந்த வேண்டியதில்லை.

ஆனால் நம் ஊர்ச் சாலையில் அத்தகைய வளையமும் இல்லை, காவலும் இல்லை. வேகத்தில் விருப்பமுள்ள இளைஞர் அதைப் பந்தயக் களத்தில், ஆசிரியரிடம் முறையாகப் பயில்க. பொதுச் சாலையில் நிதானமே திறமை.