நடப்புக் கணக்கு இணையத்துக்கு மாறும்போது

சிறு வணிகத்தின் நடப்புக் கணக்கு இரண்டு வழிகளில் இணையத்துக்கு மாறுகிறது. இருக்கிற வங்கியிலேயே நெட் பேங்கிங் வாங்கிக்கொள்வது ஒரு வழி. கைப்பேசியிலேயே வேறொரு வங்கியில் கணக்குத் திறந்துகொண்டு பழைய கிளைப் பக்கம் போவதையே நிறுத்திவிடுவது இன்னொரு வழி. எந்த வழியில் போனாலும் பணம் போகிற ஓட்டைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: விண்ணப்பத்தில் எழுதிய கைப்பேசி எண், யோசிக்காமல் கொடுத்த அதிகாரம், ஒப்புகை வாங்காத கடிதம்.

கணக்குத் திறக்கும் செயலி வங்கியுடையதுதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். செயலி மட்டுமே உள்ள வங்கி என்று ரிசர்வ் வங்கி இந்தியாவில் தனி உரிமம் எதுவும் தரவில்லை. ‘நியோ பேங்க்’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் உரிமம் பெற்ற வேறொரு வங்கியின் கணக்கைத்தான் திறந்து தருகின்றன. ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் முதல் 4 எழுத்துகளைப் பார்த்தால் அது எந்த வங்கி என்று தெரிந்துவிடும். வைப்புக் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை. நடப்புக் கணக்கும் அதில் அடக்கம். தனி உரிமையாளர் ஒருவரின் கடைக் கணக்கையும், அதே வங்கியில் அவர் சொந்தப் பெயரில் உள்ள சேமிப்பையும் சேர்த்துத்தான் இந்த 5 லட்சம். பங்குதாரர் நிறுவனத்தின் கணக்குக்குக் காப்பீடு தனி. இணைய முகவரியையும் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. வேறு விதமாக முடியும் முகவரியில் கடவுச்சொல்லைத் தட்டக் கூடாது.

அடுத்தது அதிகாரம். தனி உரிமையாளர் என்றால் ஜிஎஸ்டி பதிவு, உத்யம் பதிவு, உள்ளாட்சி உரிமம் போன்றவற்றில் நிறுவனத்தின் பெயர் உள்ள இரண்டு சான்றுகள் பொதுவாகப் போதும்; சிக்கல் இருக்காது. பங்குதாரர் நிறுவனங்களில்தான் கோளாறு தொடங்குகிறது. காசோலையில் இரண்டு பங்குதாரர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கணக்கு இருக்கும். நெட் பேங்கிங் விண்ணப்பத்தை மட்டும் ஒருவரே பூர்த்தி செய்து, அடியில் மற்றவரின் கையெழுத்தையும் வாங்கிவிடுவார். இயக்கும் முறை என்ற கட்டத்தில் ‘தனியாக’ என்று ஒரு டிக். அன்றோடு இரட்டைக் கையெழுத்துப் பாதுகாப்பு போயிற்று. காசோலைக்கு இப்போதும் இரண்டு கையெழுத்து வேண்டும். இணையத்தில் ஒரே ஆள் மொத்தத்தையும் அனுப்பிவிடலாம். பங்குதாரர்களுக்குள் தகராறு வந்த பிறகு கிளைக்கு ஓடினால், கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகலை எடுத்துக் காட்டுவார்கள்.

கேட்க வேண்டியது மேக்கர், செக்கர் முறை. ஒருவர் பணப் பரிமாற்றத்தைப் பதிவு செய்வார். இன்னொருவர் தம் கடவுச்சொல்லில் நுழைந்து ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும். சிறு வாடிக்கையாளருக்கு வங்கிகள் இதைத் தாமாக எடுத்துச் சொல்வது அரிது. பாரத ஸ்டேட் வங்கியின் கார்ப்பரேட் நெட் பேங்கிங்கில் ‘சரல்’ ஒற்றை ஆளுக்கானது; பல பேர் இயக்க ‘வியாபார்’ என்ற வகை இருக்கிறது. பிற வங்கிகளிலும் வேறு பெயர்களில் இந்த வசதி உண்டு. கணக்கு எழுதுபவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் உள்ள தனிப் பயனர் பெயரும் வாங்கித் தரலாம். அப்படிச் செய்தால் முதலாளியின் கடவுச்சொல் ஆடிட்டர் ஆபீஸ் டைரியில் ஏறாது.

மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், விண்ணப்பத்தில் ‘பதிவு செய்யும் கைப்பேசி எண்’ என்ற கட்டம். அந்தக் கட்டத்தில் யாருடைய எண் இருக்கிறதோ அவர் கையில்தான் கணக்கு. முதலாளிக்கு அவகாசம் இல்லை என்று கணக்குப்பிள்ளையின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும். அல்லது கடையின் பழைய எண்ணாக இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் தொலைத்தொடர்பு நிறுவனம் அதை வேறொருவருக்கு விற்றிருக்கும். எண் முதலாளியுடையதாகவே இருக்கும் இடங்களிலும் வருகிற ஓடிபியை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “சீக்கிரம் அடிங்க தம்பி, டைம் ஆகுது” என்பது அன்றாட வழக்கமாகிவிட்டது. ஓடிபியைப் பகிர்ந்தால், பிறகு பணம் போகும்போது வங்கி அதை வாடிக்கையாளரின் அலட்சியம் என்றே எழுதும். எண்ணை மாற்றக் கிளைக்கு நேரில் போய்க் கடிதம் கொடுத்து, முத்திரையும் தேதியும் போட்ட நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். “மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க” என்றால் அதே கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். கிளையில் இருந்த யாரிடமோ கொடுத்துவிட்டு வந்த கடிதம், கொடுக்காத கடிதம்தான்.

புதிய வங்கிக்கே மாறுவதென்றால் பழைய கணக்கை அவசரப்பட்டு மூடக் கூடாது. மூன்று நான்கு மாதம் இரண்டும் ஓடட்டும். கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம் போன்றவற்றுக்குக் கொடுத்த தானியங்கிப் பற்று ஆணைகளைப் புதிய கணக்கில் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் வங்கி விவரம் மாற்றுவது ‘நான் கோர்’ திருத்தம். அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. வருமான வரித் தளத்தில் புதிய கணக்கை முன்சரிபார்ப்புச் செய்யாவிட்டால் ரீஃபண்ட் நின்றுவிடும். கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை எந்தக் கணக்கில் வரவு வைக்கிறது என்பதையும் ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடலாம். பழைய வங்கியில் ஓவர்டிராஃப்டோ கேஷ் கிரெடிட்டோ இருந்தால் வேறு வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்குமுன் கடன் கொடுத்த வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விற்றுமுதல் தங்கள் வழியாகவே வர வேண்டும் என்று கடன் ஒப்பந்தத்தில் நிபந்தனை இருக்கும். அதைப் படித்துவிட்டு மாறுவது நல்லது.

இனி, நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்: பின்தேதியிட்ட காசோலைகள். நூல், துணி, இரும்பு, மளிகை என்று கடன் வியாபாரம் நடக்கும் எல்லாத் தொழிலிலும் கடைக்காரர் கொடுத்த பழைய வங்கிக் காசோலைகள் மொத்த வியாபாரிகளின் பெட்டியில் கிடக்கும். கணக்கை மூடிய பிறகு அதில் ஒன்று வங்கிக்குப் போனால் ‘கணக்கு மூடப்பட்டது’ என்ற காரணத்தோடு திரும்பும். கணக்கே இல்லையென்றால் செக் கேஸ் வராது என்று சிலர் நம்புகிறார்கள். வரும். செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் இதுவும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே தீர்ப்பளித்துவிட்டது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ‘ஸ்டாப் பேமெண்ட்’ கொடுத்துவிட்டாலும் அந்தப் பிரிவிலிருந்து தப்ப முடியாது. காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டி, வெளியே நிற்கும் காசோலைகளை எண்ணோடு பட்டியலிட்டு, புதியதைக் கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்க வேண்டும். பணத்தை நெஃப்டில் அனுப்பிவிட்டு, காசோலையை ‘அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று விட்டவர்கள்மீதும் வழக்கு வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் தொகுப்பாக அல்லாமல் வேலை நேரத்தில் தொடர்ச்சியாகத் தீர்வுக்குப் போகின்றன. ‘இன்று போட்டால் நாளைக்குத்தான் கழிப்பார்கள்’ என்ற பழைய கணக்கு இனி உதவாது.

எல்லாக் காசோலையும் கைக்கு வந்த பிறகே மூடும் கடிதம். அதற்கும் முன்னால் பழைய கணக்கின் அறிக்கைகளை வருடவாரியாகப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். கணக்கு மூடிய பின் நெட் பேங்கிங்கும் மூடிவிடும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருந்தாக வேண்டும். மீதமுள்ள காசோலைத் தாள்களைக் கிழித்து ஒப்படைத்து, கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

பணம் அனுப்பும்போது ஒரு விவரத்தை மறக்கக் கூடாது. நெஃப்ட்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கப்படுகிறது. தட்டிய பெயர் சரியா என்று இயந்திரம் பார்ப்பதில்லை. கணக்கு எண்ணுக்கு உரியவரின் பெயரை அனுப்புமுன் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அதைப் பயன்படுத்தாமல் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். சரக்கு அனுப்பும் மில்லின் பெயரில், ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தால், பழைய பில்லில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசி செய்து கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. மின்னஞ்சலிலேயே இருக்கும் எண் மோசடிக்காரருடையதாகத்தான் இருக்கும்.

கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் முதல் அழைப்பு வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கு. கணக்கை முடக்கச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த அழைப்பு 1930. அது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்தி வைக்க முயல்வார்கள். நிமிடங்கள் முக்கியம். ‘திங்கள்கிழமை கிளைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம்’ என்பவருக்குப் பணம் கிடைப்பது கடினம். பின்னர் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகாரைப் பதிந்து ஒப்புகையை அச்செடுத்து, கடிதத்தோடு கிளையில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது போதும் என்று நிறுத்தக் கூடாது.

இந்த வேகத்துக்குக் காரணம் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிகள். தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. வங்கியும் வாடிக்கையாளரும் அல்லாத மூன்றாம் இடத்தில் தவறு நேர்ந்திருந்தால், வங்கியின் தகவல் வந்த நாளை விட்டுவிட்டு 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் முழுப் பாதுகாப்பு. 4 முதல் 7 வேலை நாள் என்றால் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் நடப்புக் கணக்குக்கு அதிகபட்ச இழப்பு 10,000 ரூபாய்; இந்த வகையில் வராத மற்ற நடப்புக் கணக்குகளில் பலவற்றுக்கு 25,000. உத்யம் பதிவு வைத்திருப்பது இந்த இடத்தில் உதவும். 7 நாள் தாண்டினால் வங்கி நிர்வாகக் குழு வகுத்த கொள்கைதான் பேசும். தெரிவித்த 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவும், 90 நாளுக்குள் புகாரை முடிக்கவும் வங்கிக்குக் கடமை உண்டு. வாடிக்கையாளரே தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் வங்கியுடையது. கிளை அலுவலர்கள் பலர் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். கடிதத்திலேயே இந்த விதிகளைக் குறிப்பிட்டு எழுதிவிடுவது நல்லது. ஓடிபியையோ கடவுச்சொல்லையோ தாமே கொடுத்திருந்தால் தெரிவிக்கும் வரையான இழப்பு வாடிக்கையாளர் தலையில்தான். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. ஆகவே தவறு தம்முடையதாக இருந்தாலும் மறைக்காமல் உடனே தெரிவிப்பதே லாபம்.

இன்னொரு தலைவலி, வணிகர் ஒரு தவறும் செய்யாமலே கணக்கு முடங்குவது. எங்கோ ஏமாற்றிய பணத்தில் ஒருவர் கடையில் பொருள் வாங்கி யூபிஐயில் செலுத்துவார். வேறு மாநிலக் காவல்துறையின் கடிதத்தில் கடைக்காரரின் கணக்கு நின்றுவிடும். 3,000 ரூபாய்க்காக 3 லட்சமும் முடங்கும். கிளையில் ‘சைபர் போலீஸ் சொன்னது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது’ என்பார்கள். அதோடு திரும்பி வரக் கூடாது. புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், சர்ச்சைக்குரிய தொகை ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்த அதிகாரிக்கு விற்பனை பில், ஜிஎஸ்டி சான்று, சரக்கு அனுப்பிய ஆதாரம் ஆகியவற்றை அனுப்பி, சர்ச்சைத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோரலாம். முழுக் கணக்கையும் முடக்காமல் தொகையளவில் நிறுத்தினால் போதும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. அதிகாரி பதில் தராவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு. பில் இல்லாமல் வியாபாரம் செய்தவருக்கு இந்த இடத்தில் காட்ட எதுவும் இருக்காது.

வங்கிக்கு எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்க முடியாதது என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் பதியலாம். இணையம் வராதவர் சண்டிகர் செக்டார் 17-இல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையப் புகார் பெறும் பிரிவுக்குத் தபாலில் அனுப்பலாம். வழிமுறை கேட்க 14448. முதலில் வங்கிக்கு எழுதியதற்கு ஆதாரம் இல்லாத புகார் அங்கே தள்ளுபடியாகும். முத்திரையிட்ட நகலை இவ்வளவு முறை வலியுறுத்தியதற்கு இதுதான் காரணம். அதே விவகாரம் நீதிமன்றத்தில் இருந்தாலும் ஏற்கமாட்டார்கள். வழக்கறிஞர் மூலமும் கொடுக்க முடியாது. கணக்குக்கு உரியவரோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த வழக்கறிஞர் அல்லாத ஒருவரோதான் கையெழுத்திட வேண்டும்.