கஞ்சி ஏன் கெட்டியாகவில்லை? பீருக்கும் அதே ரகசியம்தான்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைகிற காடு. தானியத்தை ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது அவ்வளவாகக் கெட்டிப்படாது, லேசாக இனிக்கும். முளைவிடும்போது பெருகும் அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடுகிறது.

இங்கிலாந்தின் 'பேல் ஏல்' பீருக்கும் தொடக்கம் இதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, சுமார் 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். கொதித்தால் நொதி செத்துப்போகும். வடித்த இனிப்புச் சாற்றைக் கசப்புக்காக ஹாப்ஸ் பூ போட்டுக் காய்ச்சி, ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பார்கள். பிறகு ஒன்றிரண்டு வாரம் 20 டிகிரி வாக்கில் இருக்கவேண்டும். நம் ஊர் வெயிலில் நடக்கிற காரியமா?

இந்த வித்தை நமக்குப் புதிதில்லை. அரிசிக்கூழை ஆறவைத்து, இடித்த முளைநெல் அடையைக் கலந்து, இரண்டு பகல், இரண்டு இரவு கழித்து எடுத்த மதுவைச் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது.

ஆசைப்பட்டு வீட்டில் முயன்றுவிடாதீர்கள். பெங்களூரில் உரிமம் பெற்ற உணவகங்கள் அங்கேயே பீர் காய்ச்சி விற்கின்றன. தமிழ்நாட்டிலோ, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சொந்தக் குடிக்குத்தான் என்றாலும் விலக்கில்லை.