புற்றை அறிவோம் – 14: உடல் போடும் கடிவாளம்

கட்டி தனக்கு வேண்டிய இரத்த நாளங்களைத் தானே வரவழைத்துக்கொள்ளும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். நாளம் கிடைக்காத கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-ல் எழுதினார். அப்படியானால், நாளங்கள் வளராமல் தடுத்து வைக்கும் பொருள் எதுவும் உடலிலேயே இருக்கிறதா?

அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்த ஒரு புதிரில் இதற்கான விடை ஒளிந்திருந்தது. சிலருக்கு மூலக் கட்டியை வெட்டி எடுத்த சில மாதங்களிலேயே, அதுவரை கண்ணுக்குப் படாமல் இருந்த கிளைக் கட்டிகள் வேகமாக வளர்ந்துவிடும். மூலக் கட்டியே அவற்றை அடக்கி வைத்திருந்ததோ என்று ஃபோக்மன் எண்ணினார்.

நாளங்களைத் தூண்டும் புரதங்களையும் தடுக்கும் புரதங்களையும் ஒரே கட்டிதான் உண்டாக்குகிறது என்பது அவருடைய குழுவின் விளக்கம். தூண்டும் புரதங்கள் கட்டியைச் சுற்றி மிகுதியாக இருக்கும். ஆனால் இரத்தத்தில் கலந்ததும் விரைவில் அழிந்துவிடும். தடுக்கும் புரதங்கள் அதைவிட நீண்ட நேரம் இரத்தத்தில் சுற்றும். ஆகவே கட்டி இருக்கும் இடத்தில் தூண்டல் வெல்கிறது. தொலைவில் தடை வெல்கிறது.

பாஸ்டனில் ஃபோக்மனின் ஆய்வகத்தில் மைக்கேல் ஓ'ரெய்லி இதை நிறுவினார். நுரையீரல் கட்டி உள்ள எலிகளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் தேடி, ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1994-ல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்கு ஆன்ஜியோஸ்டாட்டின் என்று பெயர். ஆராய்ந்து பார்த்தால், இரத்தக் கட்டிகளைக் கரைக்க உதவும் பிளாஸ்மினோஜன் என்ற பழகிய புரதத்தின் ஒரு துண்டு அது! முழுப் புரதத்துக்கு நாளங்களைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. நறுக்கிய துண்டுக்கு மட்டுமே உண்டு. மூலக் கட்டியை எடுத்த எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது நுரையீரலில் இருந்த கிளைக் கட்டிகள் நுண்ணளவிலேயே நின்றன. அவற்றின் செல்கள் பெருகாமல் இல்லை. பெருகிய அளவுக்கு மடிந்தும் போயின.

1997-ல் எண்டோஸ்டாட்டின் வந்தது. இதுவும் ஒரு துண்டுதான். நாளச் சுவரைத் தாங்கும் கொலாஜன் 18 என்ற புரதத்தின் வால் பகுதி. இந்தக் கொலாஜனின் மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று இருப்பதால், அவர்கள் இரத்தத்தில் எண்டோஸ்டாட்டின் கூடுதலாக உள்ளது. அவர்களுக்குத் திடக் கட்டிப் புற்றுகள் குறைவாக வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இவற்றுக்கு முன்பே, 1990-ல், சிகாகோவில் நோயல் பூக் குழுவினர் த்ராம்போஸ்பாண்டின் என்ற புரதமும் நாளங்களைத் தடுக்கும் என்று காட்டியிருந்தனர். அதன் உற்பத்தியைத் தூண்டுவது, நாம் முன்பு பார்த்த பி53 என்ற காவல் மரபணு. பி53 பழுதானால் செல் பெருக்கம் கட்டுப்பாட்டை இழப்பதோடு, நாளங்களின் மீதான கடிவாளமும் தளர்கிறது.

1998 மே மாதம் நியூயார்க் டைம்ஸ், ஆன்ஜியோஸ்டாட்டினும் எண்டோஸ்டாட்டினும் எலிகளின் கட்டிகளில் காட்டிய பலனை முதல் பக்கத்தில் வெளியிட்டது. புற்றுநோயாளிகள் மருந்து கேட்டு மருத்துவமனைகளை மொய்த்தார்கள். ஆனால் எலியில் கரைந்த கட்டி மனிதரில் கரையவில்லை. 42 நோயாளிகளிடம் எண்டோஸ்டாட்டினைச் சோதித்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. அதில் ஒருவருக்கும் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கவில்லை. சீனா மட்டும் மாற்றியமைக்கப்பட்ட எண்டோஸ்டாட்டினை நுரையீரல் புற்றுக்கு 2005-ல் அனுமதித்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவில் பெவாசிசுமாப் என்ற மருந்து அனுமதி பெற்றுவிட்டது. அது இயற்கைத் தடையைக் கூட்டுவதில்லை. தூண்டும் புரதத்தைப் பிடித்து முடக்குகிறது.

மருந்தாக வெல்லாததால் இந்தப் புரதங்களின் கண்டுபிடிப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை. பின்லாந்தில் 101 பேரின் சடலங்களைப் பரிசோதித்து 1985-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரின் தைராய்டில் சின்னஞ்சிறு புற்று இருந்தது. இத்தகைய புற்றுகள் நோயாக மாறாமல் கிடப்பதில் இயற்கைத் தடைகளுக்கும் பங்குண்டு என்று ஃபோக்மன் நம்பினார். புற்று தோன்றுவது வேறு, நோயாவது வேறு என்று அவர் நமக்குக் காட்டினார்.

"கத்தி வைத்தால் புற்று பரவும்" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. இந்தக் கட்டுரையை அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூலக் கட்டியை விட்டுவைத்தால் அது தானும் வளரும், புதிய இடங்களுக்கும் செல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். தொடக்க நிலையில் செய்யும் அறுவையால்தான் எத்தனையோ பேர் முழுமையாகக் குணமடைகிறார்கள். மருத்துவர் அறுவை தேவை என்றால், ஊர்ப்பேச்சுக்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

(தொடரும்)