மணிச்சத்து தந்தால்தான் இடம்

பூஞ்சை என்றால் விவசாயிக்கு முதலில் குலைநோயும் வேரழுகலும்தான் நினைவுக்கு வரும். நெற்பயிருக்கும் அந்த எச்சரிக்கை உண்டு. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது. அதிலிருந்து சிதறும் ஏழெட்டு அலகு நீளத் துணுக்குகள் வேர்ச்செல்லின் சவ்வில் பட்டதும், கைட்டினை அறுக்கும் நொதிகள் உள்படப் பல ஆயுதங்களைச் செல் தயார்செய்கிறது.

ஆனால் மேட்டுநிலத்து நெல்வேரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். செல்லுக்குள்ளேயே ஒரு பூஞ்சை கிளைகிளையாகப் பிரிந்து நிற்கும், செல் உயிரோடிருக்கும். 'வேம்' என்று கடைகளில் விற்கும் வேர் உட்பூசணம் இதுதான். மண்ணில் தொலைவிலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, செடியிடமிருந்து சர்க்கரையும் கொழுப்பும் பெற்றுக்கொள்கிறது. ஸ்காட்லாந்தின் ரைனி பாறைகளில் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடிகளுக்குள்ளும் இது இருந்த தடயம் கிடைத்திருக்கிறது.

இதை ஏன் வேர் கொல்லவில்லை?

அழைப்பதே வேர்தான். மணிச்சத்து குறைந்தால் அது ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடுகிறது. அதைத் தொட்ட பூஞ்சை இழை கிளைக்கத் தொடங்குவதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். இந்த அழைப்பை ஒட்டுக்கேட்கும் களையும் உண்டு: சோளக்காட்டுச் சுடுமல்லியின் விதை இதே கசிவை உணர்ந்துதான் முளைக்கிறது.

பூஞ்சையும் பதிலுக்கு நான்கைந்து அலகுக் குட்டைக் கைட்டின் துணுக்குகளை அனுப்புகிறது. இங்கேதான் வியப்பு. நெல்லில் செர்க்1 என்ற ஒரே ஏற்பிப் புரதம் இரண்டு வேலைக்கும் தேவைப்படுகிறது. ஒரு கூட்டாளியோடு சேர்ந்தால் போர்; இன்னொன்றோடு சேர்ந்தால் உறவு. இந்தப் பிரிவு முழுமையானதல்ல. பூஞ்சை நுழையும்போது தற்காப்பு மரபணுக்கள் சிறிது நேரம் விழித்து, பிறகுதான் தணிகின்றன. தணிப்பதில் பூஞ்சைக்கும் பங்குண்டு. அது அனுப்பும் எஸ்பி7 என்ற புரதம் செடியின் உட்கருவுக்குள் போய், தற்காப்பைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நோய்க்கிருமி செய்யும் அதே தந்திரம்தான். நண்பன் செய்கிறான் என்பதால் நாம் அதை நட்பு என்கிறோம்.

நட்பும் நிபந்தனைக்கு உட்பட்டதே. குதிரைமசாலின் உறவான ஒரு சிறுசெடியில் மணிச்சத்தை உள்வாங்கும் புரதத்தை முடக்கியபோது, பூஞ்சையின் கிளைகள் வழக்கத்துக்கு முன்பே சிதைந்தன. வாடகை வராத குடியை வேர் காலிசெய்துவிடுகிறது. வழக்கமான ஆயுளே சில நாள்தான். செல் பழைய கிளைகளைச் செரித்துவிட்டு, புதியவற்றுக்கு இடம் கொடுக்கிறது.

இந்த உறவில் இருக்கும் செடி, பிறகு நோய் வரும்போது விரைவாக எதிர்க்கிறது. குறிப்பாக வேரைத் தாக்கும் பூஞ்சைகளையும் நூற்புழுவையும். வைரஸ் விஷயத்தில் அந்த உதவியை நம்ப முடியாது.

மணிச்சத்து உரமான டிஏபியை அள்ளிப் போட்ட வயலில் வேம் இடுவதில் பெரிய பயனில்லை. மணிச்சத்து நிறைந்த வேர் அழைப்பையே நிறுத்திவிடும். முள்ளங்கி, முட்டைக்கோசு, கடுகு போட்டவர்களோ அதை வாங்கவே வேண்டாம். அந்தக் குடும்பம் இந்த உறவை எப்போதோ கைவிட்டுவிட்டது.