ஜோங்கா பொறியின் மிதமான திறன் மேம்பாடு

ஜோங்கா பொறி என்பது ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை இந்தியத் தரைப்படைக்காகத் தயாரிக்கப்பட்ட ஜோங்கா வண்டியில் இடம்பெற்ற பெட்ரோல் பொறி ஆகும். இதன் ஆறு உருளைகளும் ஒரே நேர்வரிசையில் அமைந்தவை. இது ஜப்பானின் நிசான் நிறுவனத்தினுடைய 'பி' வகைப் பொறியாகும். படையிலிருந்து கழிக்கப்பட்ட வண்டிகள் ஏலத்தின் வழியே பொதுமக்களிடம் வந்தன. அவற்றைப் பேணுவோர் பொறியின் திறனைச் சற்றே உயர்த்த விரும்புவதுண்டு. அதனைத் திட்டமிடும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

அமைப்பு

உருளையின் விட்டம் 85.7 மி.மீ.; பிஸ்டனின் வீச்சு 114.3 மி.மீ.; மொத்தக் கொள்ளளவு 3,956 கன செ.மீ. திறன் ஏறத்தாழ 110 குதிரைத்திறன். கிராங்க் தண்டின் ஒவ்வொரு 120 பாகைச் சுழற்சிக்கும் ஓர் எரிப்பு நிகழ்கிறது. பிஸ்டன்களின் அசைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் அதிர்வு மிகக் குறைவு.

வேகத்தின் எல்லை

திறன் என்பது முறுக்குவிசை, சுழல்வேகம் ஆகிய இரண்டின் பெருக்கம் ஆகும். எனினும் இப்பொறியில் சுழல்வேகத்தை உயர்த்துவது ஏற்றதன்று. நிமிடத்திற்கு 3,200 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.2 மீட்டர், 4,200 சுற்றில் அது 16 மீட்டர் ஆகிறது. அப்போது இணைப்புத் தண்டுகளின் மீதான நிலைம விசை ஏறத்தாழ 1.7 மடங்காக உயரும். நீளமான கிராங்க் தண்டு முறுக்கதிர்வுக்கும் உள்ளாகும். எனவே குறைந்த, நடுத்தர வேகங்களில் முறுக்குவிசையைக் கூட்டுவதே இலக்காக வேண்டும்.

மேம்பாட்டின் வரிசை

1. அளவீடு: ஆறு உருளைகளின் அழுத்தத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் முதலில் அளத்தல் வேண்டும். தேய்ந்த பொறியில் செய்யப்படும் மேம்பாடு அதன் அழிவை விரைவுபடுத்தும். இழந்த திறனைச் சீரமைப்பே பெரும்பாலும் மீட்டுத் தரும்.

2. குளிர்விப்பு: சென்னையின் கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. தி. நகர், மயிலாப்பூர், அடையாறு போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில் ஊர்ந்து செல்லும் வண்டியின் ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைக்காது. ஆகவே ரேடியேட்டர், நீரேற்றி, விசிறி ஆகியவற்றைச் சீராக்கிய பின்னரே மற்ற பணிகளைத் தொடங்குதல் நன்று.

3. எரிபொருள்: 2000ஆம் ஆண்டில் இந்தியாவெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. ஈயம் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. இன்று கடினமாக்கப்பட்ட இருக்கைகள் தேவை. பெட்ரோல் முழுமையாக எரியக் காற்று 14.7 மடங்கு எடையில் தேவை; 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 மடங்கு போதும். பழைய கார்புரேட்டர் துளையை மாற்றாவிடில் கலவை மெலிந்து வெப்பம் கூடும். பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் அரிக்கும்.

4. தீப்பொறி: தொடுமுனைகளுக்குப் பதிலாக மின்னணுத் தூண்டல் பொருத்தினால் எரிப்பு நேரம் பிறழாது.

5. வெளியேற்றம்: 1-5-3-6-2-4 என்பது இவ்வகைப் பொறிகளின் வழக்கமான எரிப்பு வரிசை. முன் மூன்று உருளைகளும் பின் மூன்று உருளைகளும் இதில் மாறி மாறி எரிகின்றன. எனவே இரு தொகுதிகளுக்கும் தனித்தனிக் குழாய் அமைத்தால் ஒன்றின் புகை மற்றொன்றைத் தடுக்காது.

6. அழுத்த விகிதம்: தலைப்பகுதியைச் சீவி இதனை உயர்த்தலாம். மிகுந்தால் பொறி தட்டும். பிஸ்டன் உடையவும் கூடும். சீவியதை மீட்க இயலாது என்பதால் இது இறுதியில், சிறிதளவே செய்யத்தக்கது.

சட்ட வரம்பு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் வரையறையிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுதல் கூடாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. ஜோங்காக்கள் அனைத்தும் 15 ஆண்டுகளைக் கடந்தவை என்பதால் பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வு உண்டு. புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வேறு பொறி கிடைத்தாலும், ஒப்புதலின்றி அதனைப் பொருத்தினால் வண்டி தன் பதிவை இழக்க நேரிடலாம். மிதமான மேம்பாடு பொறியை மட்டுமன்றி வண்டியின் பதிவையும் காக்கிறது.