தனியாகக் கார் ஓட்டி ஊருக்கா? ராத்தங்கல் எங்கே?

அந்தக் காலத்தில் சந்தைக்குப் போய்த் திரும்பும் மாட்டு வண்டிக்காரர், பாதி வழியிலேயே வைக்கோலில் சாய்ந்துவிடுவார். குறட்டை விடுவார். வண்டி அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கண் விழித்துப் பார்த்தால் வீட்டு வாசல்!

மாட்டுக்கு வழி தெரியும். தொழுவம் தெரியும். பள்ளத்தைக் கண்டால் ஒதுங்கும். எதிரே வண்டி வந்தால் நிற்கும்.

மோட்டாருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், ஒரு வினாடியில் 22 மீட்டர் தாண்டுகிறது. நாலு வினாடி கண் அயர்ந்தால் சுமார் 90 மீட்டர்! அந்த 90 மீட்டர் தூரம் காரை ஓட்டுவது யார்? ஒருவரும் இல்லை.

பக்கத்தில் ஆள் இருந்தால் தட்டி எழுப்புவார். பேச்சுக் கொடுப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்தத் துணையும் கிடையாது.

ஆகவே, தனியே நெடுந்தூரம் காரில் ஊருக்குப் போகிறவர் முதலில் முடிவு செய்யவேண்டியது ஒன்று உண்டு. பெட்ரோல் எங்கே போடுவது என்பது அல்ல. ராத்திரி எங்கே படுப்பது என்பதுதான் அது.

ஒரு கணக்கு

சென்னையில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் நாகர்கோவில். தூரம் சுமார் 700 கிலோமீட்டர்.

வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்தார். பகல் முழுவதும் வேலை. மாலை 5 மணிக்குக் காரை எடுத்தார்.

தாம்பரம், கூடுவாஞ்சேரி நெரிசலைத் தாண்டிச் செங்கல்பட்டு சேரவே 7 மணி ஆகிவிடும். பிறகு சாப்பாடு, தேநீர், சுங்கச்சாவடிகள். ஒரே மூச்சாக ஓட்டினாலும் நாகர்கோவில் போய்ச் சேர மறுநாள் காலை 6 மணி ஆகும்.

அதாவது, அவர் கண் விழித்து முழுதாக 24 மணி நேரம்!

விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி ஊர்களை அவர் தாண்டும் நேரம் இரவு 3 மணி, 4 மணி. கரிசல் காட்டு நடுவே கோடு கிழித்தது போன்ற சாலை. வளைவு இல்லை. மேடு பள்ளம் இல்லை. தாலாட்டுப் பாட இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை அது ‘தூங்கு, தூங்கு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எப்பேர்ப்பட்ட பலசாலியும் அதற்கு அடங்கித்தான் ஆகவேண்டும்.

குடியும் விழிப்பும்

தூக்கம் கெட்டவனும் குடித்தவனும் ஒன்றுதான். இது வெறும் பேச்சு அல்ல.

1997-ல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்கு மதுவைக் கொடுத்தார்கள். அதே ஆட்களை இன்னொரு நாள் தூங்கவிடாமல் வைத்தார்கள். கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள்.

17 மணி நேரம் விழித்தவர்களின் தடுமாற்றம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவர்களின் தடுமாற்றம் அளவுக்கு இருந்தது. 24 மணி நேரம் விழித்தவர்களுக்கோ, அது 100 மில்லிகிராம் மதுவுக்குச் சமமாக இருந்தது.

இந்தியச் சட்டப்படி, கார் ஓட்டுகிறவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தாலே குற்றம்!

நம்முடைய நாகர்கோவில்காரர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவராக இருக்கலாம். ஆனால் இரவு 11 மணிக்கே அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அதற்குமேல் அவர் ஓட்டுவதும், குடித்தவர் ஓட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். குடித்தவரை நிறுத்தப் போலீஸ்காரர் உண்டு. தூக்கக் கலக்கத்தை ஊதிப் பார்க்கக் கருவி ஏது?

பஸ், லாரி ஓட்டும் தொழிலாளர்களுக்கு 1961-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை. 5 மணி நேரத்துக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு. சொந்தக் கார்க்காரருக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. முதலாளியும் அவரே. தொழிலாளியும் அவரே. அவரேதான் தமக்கு லீவு கொடுத்துக்கொள்ள வேண்டும்.

“அடுத்த ஊரில் பார்க்கலாம்”

“தூக்கம் வந்தால் நிறுத்திக்கொள்கிறேன்” என்பார்கள் பலர்.

இங்கேதான் ஆபத்து. தூக்கம் வந்துவிட்டால், முதலில் கெடுவது யோசனை. கலக்கத்தில் இருப்பவருக்குத் தாம் கலக்கத்தில் இருப்பது தெரியாது. “அடுத்த ஊரில் பார்க்கலாம்” என்பார். அடுத்த ஊர் வரும். “இன்னும் கொஞ்ச தூரந்தானே” என்பார்.

ஊர் நெருங்க நெருங்க ஆசை கூடும். திருநெல்வேலி தாண்டிவிட்டால் 80 கிலோமீட்டர்தான். வீட்டு வாசல் கண்ணில் தெரியும். எதிரே நிற்கும் லாரி தெரியாது!

ஆகவே, தங்கும் ஊரைத் தெளிந்த புத்தியோடு இருக்கும்போதே முடிவு செய்யவேண்டும். கிளம்புவதற்கு முன்பே ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த ஊர்?

‘சரிபாதி தூரத்தில் தங்கலாம்’ என்று நினைப்பது தப்புக் கணக்கு. தூரத்தைப் பார்க்காதீர்கள். மணியைப் பாருங்கள். இரவு 10, 10½-க்குள் எந்த ஊருக்குப் போக முடியுமோ, அதுதான் தங்கும் ஊர்.

சென்னையிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். உளுந்தூர்ப்பேட்டை 200. பெரம்பலூர் 270. திருச்சி 330.

மாலை 5 மணிக்குக் கிளம்பி, நடுவில் சாப்பிட்டும் போனால், உளுந்தூர்ப்பேட்டைக்கு 9½ மணி. பெரம்பலூருக்கு 10½. பெரம்பலூர் மாவட்டத் தலைநகர். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். வெள்ளிக்கிழமைப் பயணிக்கு அது பொருத்தம்.

திருச்சியில் அறைகள் ஏராளம். ஆனால் அது, பிற்பகல் 3 மணிக்கே கிளம்பியவருக்கு. 5 மணிக்குக் கிளம்பியவர் அதற்கு ஆசைப்படக்கூடாது.

சீட்டில் இரண்டு ஊரை எழுதுங்கள். முதல் ஊர் பெரம்பலூர். இரண்டாவது ஊர், அதற்கு முன்னால் வரும் உளுந்தூர்ப்பேட்டை அல்லது விழுப்புரம். மழையோ, நெரிசலோ, டயர் பஞ்சரோ ஏற்பட்டு நேரமாகிவிட்டால் முன்னதிலேயே நின்றுவிடுங்கள். தாண்டிப்போய் இடம் தேடுகிறவர்தான் நள்ளிரவில் மாட்டிக்கொள்கிறார்.

வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் கணக்கு இதுதான். ஊர்ப் பெயரைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்! முகூர்த்த நாளுக்கு முந்திய இரவில் கல்யாண வீட்டார் லாட்ஜ் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். பொங்கல், தீபாவளிக்குச் சொல்லவே வேண்டாம். இரண்டு நாள் முன்னதாகவே போனில் சொல்லி வைப்பது நல்லது.

கேட்கவேண்டிய கேள்விகள்

போனில் பேசும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள்.

கார் நிறுத்த உள்ளே இடம் இருக்கிறதா, தெருவிலா? ராத்திரி காவலாள் உண்டா? காலை 5 மணிக்குக் கேட்டைத் திறந்துவிடுவார்களா? இதை அவசியம் கேட்கவேண்டும். கேட்டைப் பூட்டிவிட்டுக் காவலாள் தூங்கிப் போனால் பாதிக் காலை அங்கேயே போய்விடும்.

காரைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, முகம் வெளியே பார்க்க நிறுத்துங்கள். “விடிகாலையில் கிளம்புகிறேன், குறுக்கே வேறு வண்டி வேண்டாம்” என்று சொல்லுங்கள். பை, பெட்டி எதையும் கண்ணாடி வழியே தெரியும்படி வைக்காதீர்கள்.

அறைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஜன்னலா? அப்படியானால் விடிய விடிய ஹாரன் சத்தம்தான். பின்பக்க அறை கேளுங்கள். கணக்கை ராத்திரியே தீர்த்துவிடுங்கள்.

சாப்பாடு அளவாக இருக்கட்டும். நாலு இட்லி நல்லது. 10 மணிக்கு மேல் பரோட்டாவும் குருமாவும் தூக்கத்துக்குப் பகை.

ஒரு பெண் தனியாக ஓட்டிப் போனால், இருட்டுவதற்கு முன்பே தங்கும் இடம் சேர்வது நிம்மதி. ஆள் நடமாட்டமும் விளக்கும் உள்ள இடமாக, இரவிலும் அலுவலக மேஜையில் ஆள் இருக்கும் விடுதியாகப் பார்க்கவேண்டும். விடுதியின் பெயரையும் அறை எண்ணையும் வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். அவசரத்துக்கு 112. பெண்களுக்கான உதவிக்கு 181.

இடமே கிடைக்காவிட்டால்?

அப்படியும் நேரலாம். அப்போது சாலை ஓரத்து இருட்டில் நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு உங்கள் கார் தெரியாது. விளக்கும் ஆட்களும் உள்ள பெட்ரோல் பங்க்கில் சொல்லிவிட்டு, ஓரமாக நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துவிடுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுங்கள். மூடிய காரில் என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கு ஆபத்து. விஷப்புகை உள்ளே நுழைந்தால், அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, குளிர்காற்றைக் கூட்டுவது இவையெல்லாம் சில நிமிட வேலை. காபிக்குப் பலன் உண்டு. ஆனால் குடித்தவுடன் வேலை செய்யாது. அரை மணி பிடிக்கும். காபியைக் குடித்துவிட்டு 20 நிமிடம் கண்ணை மூடினால் இரண்டும் சேர்ந்து கொஞ்சம் தெம்பு கொடுக்கும். அந்தத் தெம்பு பக்கத்து ஊர் விடுதி வரை போகத்தான். வீடு வரை அல்ல!

கடந்த சுங்கச்சாவடி எது என்று நினைவு இல்லையா? ஒரு பலகையைப் பார்க்காமல் தாண்டிவிட்டீர்களா? கார் கோட்டை விட்டு விலகியதா? அதற்கு மேல் ஒரு மைல்கூட வேண்டாம்.

லாபமா, நஷ்டமா?

“தங்கினால் அரை நாள் வீண்” என்று சொல்பவர் உண்டு. கணக்குப் பார்க்கலாமா?

பெரம்பலூரில் 11 மணிக்குப் படுத்தவர், 5 மணிக்கு எழுந்து 5½-க்குக் கிளம்புகிறார். மீதி 430 கிலோமீட்டர். மேலூர்ப் பக்கம் ஒரு தேநீர். திருமங்கலத்துக்கு மேல் காலைப் பலகாரம். முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுவதைப் பட்டப்பகலில் பார்த்துக்கொண்டே போகலாம். பகல் 1 மணிக்கு நாகர்கோவில்!

இரவெல்லாம் ஓட்டியவர் காலை 6 மணிக்கு வருகிறார். வந்ததும் என்ன செய்கிறார்? படுக்கிறார். எழுந்திருக்கும்போது மணி ஒன்று!

இருவரும் மதியச் சாப்பாட்டுக்குத்தான் உட்காருகிறார்கள். ஒருவர் சிரித்த முகத்தோடு. மற்றவர் சிவந்த கண்ணோடு.

வீட்டாரும் கேட்கவேண்டும்

ராணி மங்கம்மாள் மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்டவர். அவர் சாலைகளும் போட்டார், சத்திரங்களும் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் பெயர் சொல்லிக்கொண்டு நிற்கிறது. சாலை போட்டால் மட்டும் போதாது, நடப்பவன் படுக்க இடமும் வேண்டும் என்பது அந்தக் காலத்து அறிவு. பொழுது சாய்ந்தால் வழிப்போக்கர் சத்திரம் சேர்வார். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

இப்போதோ, வீட்டிலிருந்து போன் மேல் போன். “எங்கே வருகிறாய்? இன்னும் எவ்வளவு நேரம்? தூங்காமல் காத்திருக்கிறேன்!” அன்பினால் கேட்கும் கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி ஓட்டுகிறவரின் காலை இன்னும் கொஞ்சம் அழுத்தச் செய்கிறது.

அதற்குப் பதில், மாலையிலேயே ஒரு வார்த்தை சொல்லலாம்: “ராத்திரி தங்கிவிட்டு வா. நாளைக்கு மத்தியானம் இலை போட்டு வைக்கிறேன்.”

இலை காத்திருக்கும். சோறு ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம். வருகிறவர் முழுசாக வந்து சேரவேண்டும், அவ்வளவுதான்.